பீலிக்கு மூடி போடுறது பிரயோசனமோ? ரொறன்ரோ வீட்டுக்காரர் ஒருக்கா வாங்கோ

மேப்பிள்நிழல்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு ஸ்காபரோவில, எழுபதுகளில கட்டின ரெண்டு மாடி. முன்னுக்கு ஒரு பெரிய சில்வர் மேப்பிள். பின்னுக்குப் பக்கத்து வீட்டுக்காரற்ற ஸ்புரூஸ் எண்ட ஊசியிலை மரம் எங்கட கூரைக்கு மேல சரிஞ்சு நிக்குது. ஒக்ரோபர் பிறந்தா கூரை ஓரத்தில மழைத்தண்ணி ஓடுற பீலி இலையால நிறைஞ்சு போகும். பெரிய மழை எண்டால் தண்ணி பீலிக்கு மேலால வழிஞ்சு வாசல்படியில கொட்டும். போன இலையுதிர் காலம் நிலத்துக்குக் கீழ இருக்கிற பேஸ்மென்ட் மூலையிலயும் ஈரம் கண்டது.

இவருக்கு முழங்கால் சரியில்லை, ஏணியில ஏறக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பிள்ளையள் ஏறவும் மாட்டினம், ஏற விடவும் எனக்கு மனமில்லை.

போன கிழமை ஒரு பெடியன் கதவைத் தட்டி, பீலிக்கு மூடி போட்டால் வாழ்நாளைக்கும் கையே வைக்கத் தேவையில்லை எண்டு சொன்னான். 140 அடிக்கு 4,800 டொலர். இண்டைக்கே கையெழுத்து வைச்சால் 600 குறைப்பானாம். நான் வைக்கேல்லை. ஆனா மனம் அதிலயே நிக்குது. போட்ட ஆக்கள் ஆரும் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கோ.

கிங்ஸ்டன்றோட்

காசைக் கரியாக்காதேங்கோ. வருசத்தில ரெண்டு தரம் ஆளைப் பிடிச்சுத் துப்புரவாக்குங்கோ, ஒரு தரத்துக்கு 175 டொலர் வரும். 4,800 ஐ 350 ஆல பிரிச்சுப் பாருங்கோ, 13 வருசத்துக்கு மேல வருது. அதுக்கிடையில வீட்டை வித்துப்போட்டு ஏஜாக்ஸ் போயிடுவியள்.

ஏணிப்படி

அக்கா, நான் இந்த வேலைதான் செய்யிறன். பீலி, சொஃபிட் (கூரை ஓரத்தின்ர அடிப்பக்கம்), ஃபாசியா (பீலி பூட்டுற ஓரப் பலகை) எல்லாம். உங்கட ஏரியா இல்லை, அதால எனக்கு இதில வியாபாரம் ஒண்டும் இல்லை. கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன்.

மூடி நல்லதோ கூடாதோ எண்டதை விட, உங்கட கூரையில என்ன விழுது எண்டதைத்தான் முதல் பார்க்கவேணும். விக்க வாற பெடியள் மரத்தை அண்ணாந்தும் பாக்க மாட்டினம், அடிக்கணக்கை மட்டும் அளந்துகொண்டு போவினம்.

சில்வர் மேப்பிள் ரெண்டு தரம் கொட்டும். ஒக்ரோபர், நவம்பரில இலை. அது பெரிய இலை, எந்த மூடிக்கும் மேல நிண்டு காஞ்சு காத்தில பறந்துபோகும். சங்கடம் வசந்தம் முடியேக்க வாற செட்டை விதையில. சுத்திச்சுத்தி வந்து விழுமே, அதுதான். ஓட்டை போட்ட அலுமினியத் தகட்டில அதின்ர காம்புப் பக்கம் குத்திக்கொண்டு நிண்டுவிடும். ஒண்டு நிண்டால் அதில பத்து சிக்கும். பிறகு வாற குப்பை எல்லாம் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்.

ஸ்புரூஸ் ஊசி அதைவிட மோசம். சாதாரண வலை, பிளாஸ்ரிக் வலை, ஓட்டைத் தகடு எல்லாத்துக்குள்ளாலயும் இறங்கி, பீலிக்குள்ள மெத்தை போட்டமாதிரிப் படுக்கும். மூடி இருக்கிறதால உங்களுக்குத் தெரியவும் வராது. நான் கழட்டின சில பீலியளில மூடிக்குக் கீழ கறுத்த சேறு, அதுக்குள்ள மேப்பிள் கண்டு முளைச்சு நிண்டது. சேறு எங்கால வாறது எண்டு கேப்பியள். கூரைக்கு மேல ஒட்டுற ஷிங்கிள் தார்த்தாளில இருக்கிற மணல் கழண்டு வந்து, மக்கின குப்பையோட சேர்ந்து சேறாகும். கூரை புதுசா போட்ட முதல் வருசமும், பழசாகி முடியிற காலத்திலயும் அந்த மணல் கூட வரும்.

இனி வகையைச் சொல்லுறன்.

ஸ்பொஞ்ச் மாதிரிப் பீலிக்குள்ள நுழைக்கிறது ஒண்டு இருக்கு. கடையில மலிவு, நீங்களே போடலாம். வேண்டாம். விதை அதில நிண்டு முளைக்கும், வெயிலில அது பொடியாப் போகும். போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி வாறதும் அப்பிடித்தான். ஸ்புரூஸ் ஊசியை அதுக்குள்ளயிருந்து பிடுங்கிறதுக்கு உங்களுக்கு ஒரு சனி ஞாயிறு காணாது.

பிளாஸ்ரிக் வலை எங்கட குளிருக்கு நொருங்கும். ஒரு நல்ல காத்தடிச்சால் முன்வீட்டுப் புல்லுக்குள்ள பொறுக்கலாம்.

முன்விளிம்பு வளைஞ்சு வாற மூடி ஒண்டு. தண்ணி அந்த வளைவில ஒட்டிக்கொண்டு கீழ இருக்கிற சின்ன இடைவெளிக்குள்ள போகும், இலை வெளியில விழும். மெல்லிய மழைக்கு அழகா வேலை செய்யும். கொட்டுற மழைக்குத் தண்ணி வளைவைப் பிடிக்காமல் நேரா வெளியில பாயும். அந்த வளைவில ஊத்தை படிஞ்சாலும் அதே கதைதான். உங்களுக்கு 4,800 சொன்னது அனேகமா இதாத்தான் இருக்கும்.

மிச்சம் ரெண்டு. ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, மற்றது மெல்லிய ஸ்ரெயின்லெஸ் வலை. ரெண்டும் பரவாயில்லை. ஸ்புரூஸ் நிக்கிற பக்கத்துக்கு ரெண்டாவதைத் தவிர வேற ஒண்டும் சரிவராது.

சேலத்துக்காரன்

மிசிசாகாவுல இருந்து. அண்ணன் கடைசியா சொன்ன அந்த ஸ்டெயின்லெஸ் வலைதான் எங்க வீட்ல போட்டிருக்கோம். பின்னாடி பைன் மரம். போட்டு நாலு குளிர்காலம் ஆச்சு. பீலிக்குள்ள கை வச்சதே இல்லை.

ஆனா வலைக்கு மேல கை வைக்காம இருக்க முடியாது. இதை யாரும் விக்கும்போது சொல்றதில்லை. வசந்த காலத்துல மகரந்தப் பொடி மஞ்சளா வந்து வலைமேல படியும். அதுகூட ஷிங்கிள்ல இருந்து வர்ற எண்ணெய்ப்பசையும் சேர்ந்தா, வலைக் கண்ணை ஒரு படலம் மூடிடுது. அதுக்கப்புறம் தண்ணி உள்ள இறங்காம மேலேயே வழுக்கிட்டு வெளிய போயிடும். வருஷத்துக்கு ஒரு தடவை நீளக் குச்சில பிரஷ் கட்டி, கீழ நின்னே தேய்ச்சு விடுறேன். ஹோஸ் வச்சு அடிச்சா போதும். ஏணி வேண்டாம்.

அதனால "கிளீனிங் வேண்டாம்"னு சொன்னா பொய். கிளீனிங் லேசாகும். எனக்கு அதுவே போதும். கிங்ஸ்டன்றோட் சார் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு: நவம்பர் கடைசில எல்லாருக்கும் ஒரே வாரத்துல ஆள் வேணும். நமக்கு ஆள் வர்றதுக்குள்ள பனி விழுந்து பீலி உறைஞ்சிடுது.

கிங்ஸ்டன்றோட்

நீங்கள் எவ்வளவு குடுத்தனீங்கள்?

சேலத்துக்காரன்

வலையை அடி மூணு டாலர் கிட்ட வாங்கி, ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி குடுத்துப் போட்டோம். ஒரு மாடி பங்களா, 90 அடிதான். மொத்தம் 700க்குள்ள முடிஞ்சுது. கதவைத் தட்டி விக்கிறவங்க இதே மாதிரி வலைக்கு அடி முப்பது கேட்டாங்க.

கிங்ஸ்டன்றோட்

700 எண்டால் நான் வாய் திறக்க மாட்டன். அடிக்கு 34 குடுக்கிறதைத்தான் கரி எண்டனான்.

வத்தளைவாசி

கனடாக் கதைக்குள்ள கொழும்பிலயிருந்து நுழையிறன். இஞ்ச பீலி எண்டாலே முதல் கேள்வி நுளம்புதான். தண்ணி வழிஞ்சு சுவர் பழுதாப்போறதெல்லாம் பிறகு. இலை அடைச்சுத் தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஏழு, பத்து நாளில பறக்கும். பீலி காஞ்சாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017 இல நாட்டில 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்தது மறந்திருக்காது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பீலிக்குள்ள குடம்பி (நுளம்புப் புழு) கண்டால் வழக்குத்தான்.

அதால எங்களுக்கு மூடி போட விருப்பமில்லை. மூடி போட்டால் உள்ளுக்குத் தண்ணி நிக்குதோ எண்டு ஏணி வைச்சாலும் தெரியாது. வலைக்கண்ணுக்குள்ளால நுளம்பு நுழைஞ்சு வெளியில வரும். எங்கட ஒழுங்கையில ரெண்டு மூண்டு வீட்டில பீலியையே கழட்டிப்போட்டு, கூரைத் தண்ணி விழுற இடத்தில கல்லுப் போட்டு வாய்க்கால் கட்டி விட்டிருக்கினம். ஓடு வெளிய நீட்டி இருக்கிற வீட்டுக்கு அது வடிவாச் சரி.

ஏணிப்படி

வத்தளை அண்ணை சொல்லுறதில இஞ்சைக்கும் ஒரு விசயம் இருக்கு. பீலிக்குள்ள தண்ணி நிக்குது எண்டால் அது குப்பைப் பிரச்சினை மட்டுமில்லை, சரிவுப் பிரச்சினை. 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேணும். பழைய வீடுகளில நீள ஆணி அடிச்சுத் தூக்கின பீலி. ஆணி இளகி, ஐஸ் பாரத்துக்கு நடுவில தொய்ஞ்சு போயிருக்கும். தொய்ஞ்ச பீலிக்கு மேல 4,800 டொலர் மூடி போட்டால் தொய்ஞ்ச பீலி மூடியோட நிக்கும், அவ்வளவுதான். முதல் உள்ளுக்குக் கொழுக்கி போட்டுத் திருகாணியால இழுத்துக் கட்டவேணும்.

ஆனா இஞ்ச பீலியைக் கழட்டிவிட ஏலாது. பேஸ்மென்ட் இருக்கு, சுவரோட விழுற தண்ணி அதுக்குள்ள இறங்கும்.

மேப்பிள்நிழல்

எல்லாருக்கும் நன்றி. ஏணிப்படி தம்பி, ரெண்டு கேள்வி. பக்கத்து வீட்டு அன்ரி, மூடி போட்டால் குளிர்காலத்தில ஐஸ் கட்டி கூரை ஒழுகும் எண்டு பயப்படுத்துறா. உண்மையோ? மற்றது, ஷிங்கிளுக்கு அடியில நுழைச்சுப் போட்டால் கூரை வாரண்டி போகும் எண்டு எங்கயோ வாசிச்சன்.

ஏணிப்படி

ஐஸ் கட்டுறதுக்கு மூடி காரணமில்லை, அக்கா. வீட்டுச் சூடு கூரைக்கு அடியில இருக்கிற அற்றிக்குக்குள்ள ஏறுது. மேல கிடக்கிற ஸ்நோ அடியால உருகி, ஷிங்கிளில வழிஞ்சு கீழ வருது. சுவருக்கு வெளியில நீட்டி இருக்கிற ஓரம் குளிர், அங்க சூடில்லை. அதில வந்து உறையுது. உறைஞ்ச ஐஸ் அணை கட்டி நிக்க, பின்னால வாற தண்ணி ஷிங்கிளுக்கு அடியால ஏறி உள்ளுக்கு ஒழுகும். பீலியே இல்லாத கூரையிலயும் இது நடக்கும். மருந்து அற்றிக்கில இருக்கு: இன்சுலேஷன் காணுமோ, சொஃபிட்டால காத்து உள்ள போய் மேலால வெளிய வருதோ, குளியலறை ஃபான் அற்றிக்குக்குள்ள ஊதுதோ எண்டு பாருங்கோ. கடைசிக் காரணத்தை நான் கன வீடுகளில கண்டிருக்கிறன்.

அன்ரி சொல்லுறதில ஒரு துண்டு உண்மை. மூடி உலோகம், பீலிக்கு முதல் அதுதான் குளிரும். உருகி வாற தண்ணி பீலிக்குள்ள போகாமல் மூடிக்கு மேலேயே உறைஞ்சு விளிம்பால தொங்கும். உங்கட வாசலுக்கு மேல தொங்கினால் ஆபத்து. வாசலுக்கு மேல இருக்கிற பீலிக்கு மூடி போடாமல் விட்டாலும் விடலாம்.

வாரண்டி கதை உண்மைதான். ஷிங்கிளை நெம்பித் தூக்கினால் ஒட்டுப்பசை விட்டுப்போகும், காத்துக்குக் கிளம்பும். கூரைக்காரர் அதைச் சாட்டுச் சொல்லி வாரண்டியைக் கழட்டுவினம். பீலியின்ர முன்விளிம்பிலயும் பின்பக்கம் ஃபாசியாவிலயும் பூட்டுற வகையைக் கேளுங்கோ. கூரையில கை வைக்கத் தேவையில்லை.

பத்தாம்நாள்

கதவைத் தட்டி விக்கிறவையைப் பற்றி ஒரு சொல்லு. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 2018 மார்ச்சிலயிருந்து ஃபேர்னஸ் (வீடு சூடாக்கிற அடுப்பு), ஏசி, தண்ணி ஹீற்றர், தண்ணி ஃபில்ற்றர் போல சில சாமான்களை அழையாமல் வீட்டு வாசலில வந்து விக்கிறது தடை. பீலி மூடி அந்தப் பட்டியலில இல்லை. அதுதான் பழைய ஃபேர்னஸ் கோஷ்டி எல்லாம் இப்ப பீலி, ஜன்னல், கூரை எண்டு கிளம்பியிருக்கு போல.

ஆனாலும் வீட்டில வைச்சுக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 50 டொலருக்கு மேல எண்டால், எழுத்தில பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஆரும் அவசரத்தில போட்டிருந்தால் மின்னஞ்சலில ரத்துக் கடிதம் அனுப்பி, அனுப்பினதுக்கு அத்தாட்சி வைச்சிருங்கோ. "இண்டைக்கு மட்டும் 600 குறைவு" எண்டவன் ரெண்டு கிழமை கழிச்சும் அதே விலைக்கு வருவான். அதைவிடக் குறைச்சும் வருவான்.

"வாழ்நாள் வாரண்டி" எண்டதில ஆரின்ர வாழ்நாள் எண்டு எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ. வீடு கைமாறினால் தொடருதோ, அடைச்சால் வந்து துப்புரவாக்குவினமோ, இல்லாட்டி தகடு துருப்பிடிச்சால் மட்டும் தகடு தருவினமோ?

கிங்ஸ்டன்றோட்

மரத்தை வெட்டிவிட்டால் ஒரு செலவோட போயிடுமே?

பத்தாம்நாள்

ரொறன்ரோ நகரத்துக்குள்ள எண்டால் 1.4 மீற்றர் உயரத்தில அளக்க 30 சென்ரிமீற்றர் அல்லது அதுக்கு மேல விட்டம் உள்ள மரத்துக்கு, உங்கட சொந்தக் காணியில நிண்டாலும், அனுமதி வேணும். இலை கொட்டுது எண்ட காரணத்துக்குத் தர மாட்டினம். ஸ்புரூஸ் பக்கத்து வீட்டு மரம் வேற. கிளையைக் கழிக்கிறதையும் முறையாப் படிச்ச ஆளை வைச்சுச் செய்யுங்கோ, மரம் பட்டால் வம்பு.

கிங்ஸ்டன்றோட்

சரி, மேப்பிள் தப்பிச்சுது.

ஏணிப்படி

அக்கா பேஸ்மென்ட் ஈரத்தைச் சொன்னவா. அதை எல்லாரும் விட்டுட்டியள். எனக்கு மூடியை விட அதுதான் பெரிசாப் படுது.

100 சதுர மீற்றர் கூரையில 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். 2024 ஜூலை 16 ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில 97.8 மில்லிமீற்றர் பெய்தது. அந்தக் கணக்கில ஒரு சாதாரணக் கூரையில கிட்டத்தட்ட 9,800 லீற்றர். 2013 ஜூலை 8 இல 126 மில்லிமீற்றர், எண்டால் 12,600. இவ்வளவும் உங்கட வீட்டில எத்தினை டவுன்பைப்பால (பீலித் தண்ணி கீழ இறங்கிற குழாயால) இறங்குது? எழுபதுகளில கட்டின வீட்டில முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு இருக்கும். அதுவும் 2க்கு 3 அங்குலப் பைப். அதை 3க்கு 4 ஆக்கினால் வாய் ரெண்டு மடங்கு. அந்த அளவுப் பைப்பில இலையும் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். செலவும் மூடியளவுக்கு வராது.

பிறகு, தண்ணி எங்க விழுது? ரொறன்ரோவில டவுன்பைப்பை நிலத்துக்குக் கீழ இருக்கிற சாக்கடையோட பூட்டி வைக்கக்கூடாது எண்டு 2007 இல சட்டம் வந்து, பகுதி பகுதியா 2016 க்குள்ள நகரம் முழுக்கக் கட்டாயமாச்சு. கன பேர் பைப்பை வெட்டிப்போட்டு, முழங்கை ஒண்டைக் கொழுவி, சுவருக்குப் பக்கத்திலயே தண்ணியை விட்டிருக்கினம். நகரத்துக்குச் சரி, உங்கட அத்திவாரத்துக்குச் சரியில்லை. சுவரில இருந்து ஆறு அடி தள்ளி விழுத்துங்கோ. மண்ணும் வீட்டுப் பக்கமிருந்து வெளியில சரிஞ்சு நிக்கவேணும். ஈரம் கண்ட மூலைக்கு நேர மேல என்ன இருக்கு எண்டு பாருங்கோ. ரெண்டு கூரை சந்திக்கிற உள்மூலை எண்டால், அங்க தண்ணி ஒரேயடியா வந்து விழும். எந்த மூடி போட்டாலும் அந்த இடத்தில தாண்டித்தான் பாயும். அதில ஒரு தடுப்புத் தகடு நிமித்தி அடிக்க வேணும், சின்ன வேலை.

மேப்பிள்நிழல்

தம்பி, நேர உள்மூலைதான்! வெளியில போய்ப் பார்த்தன். அதுக்குக் கீழதான் டவுன்பைப்பும், அது சுவரோட ஒட்டி ஒரு அடி தள்ளித்தான் விழுது. இவர் "நான் அப்பவே சொன்னனான்" எண்டு நிக்கிறார், சொல்லவே இல்லை.

அப்ப நான் விளங்கிக்கொண்டது: முதல் பீலியை இழுத்துக் கட்டி, பைப்பைப் பெரிசாக்கி, தண்ணியைத் தள்ளி விடுறது. பின்பக்கம் ஸ்புரூஸுக்கு மெல்லிய வலை. முன்பக்கம் மேப்பிளுக்கு?

ஏணிப்படி

முன்பக்கம் ரெண்டும் சரி. எங்கட வீடு எண்டால் முன்னுக்கும் அதே வலையைத்தான் போடுவன், விதை குத்தி நிக்காது. ஓட்டைத் தகடு விலை குறைவு, பாரமான ஐஸையும் தாங்கும். ரெண்டு மாடி எண்டபடியா ஒண்டு சொல்லுறன்: மூடி போட்ட பிறகு ஆரையும் ஏணியை அதுக்கு மேல சாத்த விடாதேங்கோ, தகடு நெளியும். சுவரில முட்டுக் குடுக்கிற கை பூட்டின ஏணி கொண்டுவரச் சொல்லுங்கோ. நாலு அடி ஏறினால் ஒரு அடி வெளிய, அந்தக் கணக்குத் தெரியாதவனை ஏத்தவும் வேண்டாம்.

மூண்டு இடத்தில விலை கேளுங்கோ. பீலி, பைப், மூடி மூண்டையும் தனித்தனி வரியா எழுதித் தரச் சொல்லுங்கோ. மொத்தமா ஒரு இலக்கம் எழுதித் தாறவன் எங்க கூட்டினான் எண்டு உங்களுக்குத் தெரியாது.

சேலத்துக்காரன்

ஒண்ணு சேர்த்துக்கங்க. தெருவுல ஹனி லோக்கஸ்ட் மரம் இருந்தா அதையும் சொல்லுங்க. சின்னச் சின்ன இலை, அரிசி மாதிரி உதிரும். ஓட்டைத் தகட்டுல அப்படியே இறங்கிடும். எங்க நண்பர் வீட்ல அதான் ஆச்சு.

வத்தளைவாசி

எங்கட ஆக்களுக்கும் அந்தத் தடுப்புத் தகடு உதவும் போல. படம் இருந்தால் போடுங்கோ தம்பி.

பிராம்ப்ரன்அக்கா

இடையில ஒரு கேள்வி. எங்கட டவுன்ஹவுஸ். பீலி எங்கட வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே நீளமா ஓடுது. நாங்கள் எங்கட பங்குக்கு மட்டும் மூடி போடலாமோ?

ஏணிப்படி

முதல் கொண்டோ (கூட்டாச் சொந்தமான வீட்டுத் தொகுதி) நிர்வாகத்துக்குக் கீழ வருதோ எண்டு பாருங்கோ. வந்தால் கூரையும் பீலியும் பொதுச் சொத்தாத்தான் இருக்கும், நீங்கள் தொடக்கூடாது, அவைக்கு எழுதுங்கோ. சொந்தமா வாங்கின வரிசை வீடு எண்டால் போடலாம். ஆனா சரிவு எந்தப் பக்கம் போகுது? உங்கட தண்ணி அவையின்ர பக்கம் போய் இறங்கினால், அங்க அடைச்சாலும் உங்கட பீலிதான் நிறையும். டவுன்பைப் ஆரின்ர பக்கம் நிக்குது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.